சோஃபாவா, ஊதாச் சுவரா, ஆபீஸா: எந்த லெகோ செட்?

டிவி தொடரை வைத்து வந்த லெகோ செட்களில் ஒன்றே ஒன்றுதான் வாங்கப் போகிறேன், எதை வாங்கலாம் என்று கேட்கிறவர்கள் முதலில் பீஸ் (ஒன்றோடு ஒன்று மாட்டுகிற பிளாஸ்டிக் துண்டு) எண்ணிக்கையைப் பார்ப்பார்கள், அப்புறம் விலையை. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். நாலு செட்டைக் கட்டி, இரண்டைப் பிரித்துத் திரும்பவும் கட்டி, ஒன்றைப் பாதி விற்றும் விட்ட பிறகு (பாதி விற்ற கதை கீழே வருகிறது), இப்போது நான் கேட்கிற முதல் கேள்வி வேறு. அந்தத் தொடரை எத்தனை சுவருக்கு நடுவில் எடுத்தார்கள்?

'ஃப்ரெண்ட்ஸ்', 'சைன்ஃபெல்ட்' மாதிரியான அமெரிக்க நகைச்சுவைத் தொடர்களை ஸ்டூடியோவுக்குள் செட் போட்டு, எதிரே ஆட்களை உட்கார வைத்து, பல கேமராக்களால் ஒரே நேரத்தில் எடுத்தார்கள். கிட்டத்தட்ட நாடக மேடைதான். மூன்று பக்கம் சுவர், நாலாவது பக்கம் கேமராவும் சிரிக்கிற ஜனமும். லெகோ செட்டும் மூன்று சுவரோடு, முன்பக்கம் திறந்துதான் இருக்கும். ஆகவே அந்த வீட்டைப் பொம்மையாக்கும்போது எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை, நாம் டிவியில் பார்த்த அதே கோணத்தில் அலமாரியில் உட்காரும். 'தி ஆபீஸ்' அப்படி எடுத்த தொடர் இல்லை. அதை ஆவணப்படம் மாதிரி கையில் பிடித்த கேமராவோடு, ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்தும் கதவு இடுக்கிலிருந்தும் எட்டிப் பார்த்து எடுத்தார்கள். அதில் திறந்த பக்கம் என்று ஒன்று கிடையாது. இந்த ஒரு வித்தியாசம்தான் கட்டி முடித்த செட்டில் பளிச்சென்று தெரிகிறது.

சரி, 'ஃப்ரெண்ட்ஸ்' நண்பர்கள் கூடுகிற காபி கடையான சென்ட்ரல் பெர்க்கிலிருந்து ஆரம்பிப்போம். தொடர் தொடங்கி 25 வருடம் ஆனதையொட்டி 2019-ல் வந்தது. 1,070 பீஸ், அறிமுக விலை 60 டாலர் (இனி வருகிற விலைகளும் அறிமுக விலைதான்), ஏழு மினிஃபிகர், அதாவது லெகோவின் குட்டி ஆள் பொம்மை: ஆறு நண்பர்கள், கூடவே காபி கடையில் வேலை பார்க்கிற கன்தர். லெகோ ஐடியாஸ் வரிசையில் வந்த செட் இது. ரசிகர் ஒருவர் மாதிரி செய்து போட்டு, 10,000 பேர் ஆதரித்தால் கம்பெனி பரிசீலிக்கும், தேறினால் விற்பனையில் ஒரு சதவீதம் அந்த ரசிகருக்கு. ரசிகர் யோசித்த செட் என்பது கட்டும்போதே தெரியும். கடையை மட்டும் செய்துவிட்டு நிறுத்தவில்லை, மேலே ஸ்டூடியோ விளக்குகளையும் தொங்க விட்டிருக்கிறார்கள். அதாவது இது நியூயார்க்கில் இருக்கிற ஒரு காபி கடை இல்லை, கலிஃபோர்னியாவில் ஒரு ஸ்டூடியோவுக்குள் போட்ட காபி கடை என்று செட்டே ஒத்துக்கொள்கிறது. எனக்கு இந்த செட்டில் மிகவும் பிடித்த விஷயம் அந்த விளக்குதான்.

ஆறு பேரும் எப்போதும் உட்காருகிற அந்த ஆரஞ்சு சோஃபாவைப் பற்றி ஒரு வார்த்தை. கையில் எடுத்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லை, உள்ளங்கையில் பாதிக்கும் குறைவு. ஆனால் அதன் கைப்பிடி வளைவு சரியாக வந்து உட்கார்ந்ததும் அதுவரை பிளாஸ்டிக்காக இருந்தது சட்டென்று அந்த சோஃபா ஆகிவிடுகிறது. முன்னால் வைக்கிற 'ரிசர்வ்ட்' பலகை ஒரு சின்ன பீஸ், தரையில் விழுந்தால் பெருக்குமாறுக்குத்தான் கிடைக்கும். நண்பர்களில் ஒருத்தியான ஃபீபியின் கிட்டாரும் அவள் பாடுகிற மூலையும் உண்டு. ஒரு சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தால் ராத்திரி சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும்.

இதற்கு நேர் போட்டி அதே தொடரிலிருந்து 2021-ல் வந்த ஃப்ரெண்ட்ஸ் அபார்ட்மென்ட்ஸ். 2,048 பீஸ், 150 டாலர். ஒரு பக்கம் மோனிகா வீடு, இன்னொரு பக்கம் ஜோயியும் சாண்ட்லரும் இருக்கிற வீடு, நடுவில் நடைவழி. ரசிகர் ஓட்டு எல்லாம் இல்லாமல் கம்பெனியே நேரடியாக வடிவமைத்தது. கணக்குப் போட்டால் சென்ட்ரல் பெர்க்கில் பீஸுக்கு ஐந்தரை சென்டுக்குக் கொஞ்சம் மேல், இதில் ஏழு சென்டைத் தாண்டும். ஆனால் வீட்டில் யாரும் இந்தக் கணக்கைக் கேட்பதில்லை, இதை எங்கே வைக்கப் போகிறாய் என்றுதான் கேட்பார்கள். கிட்டத்தட்ட 64 செ.மீ. அகலம், சாதாரணப் புத்தக அலமாரியில் ஒரு தட்டையே காலி செய்ய வேண்டும்.

உண்மையைச் சொன்னால் முதல் பாதி போரடிக்கும். சுவர், சுவர், மறுபடி சுவர். மோனிகா வீட்டு ஊதா பீஸ்களை அடுக்கி அடுக்கி, நாமே கொத்தனார் ஆகிவிட்ட மாதிரி இருக்கும். (அந்த ஊதாவுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. ரிமோட்டை அழுத்திக்கொண்டே போகிறவர் கண்ணில் பட்டதும் இது இன்ன தொடர் என்று தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் தொடரின் அரங்க வடிவமைப்பாளர் அந்த நிறத்தைப் பிடித்தார்.) அப்புறம் கதவு வரும், கதவின் ஓட்டையைச் சுற்றி அந்த மஞ்சள் சட்டத்தை மாட்டுவீர்கள், அலுப்பெல்லாம் போய்விடும். அசலில் அது ஒரு கண்ணாடியின் சட்டம், படப்பிடிப்பு ஆட்கள் கையில் கண்ணாடி உடைந்துபோனதால் வெறும் சட்டத்தைக் கதவில் மாட்டினார்களாம். உடைந்த பொருளுக்கு இப்படி ஒரு யோகம்.

சாண்ட்லர் வீட்டுப் பக்கம் கட்டுவது இன்னும் கலகலப்பு. சாய்வு நாற்காலி இரண்டு, ஃபூஸ்பால் மேஜை, அந்தப் பெரிய வெள்ளை நாய் சிலை. எதிர்வீட்டு ஆளைக் குத்திப் பார்க்கச் செய்த நீளக் கம்பு கூட இருக்கிறது. மோனிகா தலையில் மாட்டுகிற வான்கோழியும் உண்டு. தொடர் தெரியாத விருந்தாளி வந்து பார்த்தால், பெண் தலையில் கோழி எதற்கு என்று கேட்பார், பதில் சொல்ல ஆரம்பித்தால் காபி ஆறிவிடும். இங்கேயும் ஏழு மினிஃபிகர், ஆனால் கன்தருக்குப் பதில் சாண்ட்லரின் பழைய காதலி ஜானிஸ். இரண்டு செட்டையும் வாங்கினால் ஆறு பேரும் இரட்டையராகிவிடுவார்கள், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கட்டுகிற சுகத்துக்கு அபார்ட்மென்ட்ஸ், வைத்துப் பார்க்கிற சுகத்துக்கு சென்ட்ரல் பெர்க். ஒன்றுதான் என்றால் நான் காபி கடைப் பக்கம். ஆறு பேரையும் ஒரே பார்வையில் ஒரே சோஃபாவைச் சுற்றி உட்கார வைக்க முடிகிறது, வீட்டு செட்டில் அவர்கள் ஆளுக்கொரு மூலையில் சிதறிப்போகிறார்கள்.

சைன்ஃபெல்ட் செட்டும் 2021-தான். 1,326 பீஸ், 80 டாலர், ஐந்து பேர். நாயகன் ஜெர்ரியின் வீடு, பக்கத்திலேயே அவர் மைக்கைப் பிடித்து ஜோக் சொல்கிற குட்டி மேடை. விலைக்கு நல்ல சரக்கு, பீஸுக்கு ஆறு சென்ட்தான். குறை என்னவென்றால் அந்த வீடே பழுப்பும் சாம்பலுமாக இருக்கும், தொடரிலும் அப்படித்தான், அதனால் செட்டைக் குறை சொல்லவும் முடியாது. தொடரை ஒன்பது சீசனும் பார்த்தவருக்கு மட்டும் பொக்கிஷம். பக்கத்து வீட்டு கிரேமரின் தலைமுடிக்காக மட்டும் ஒரு கைதட்டல்.

இப்போது 'தி ஆபீஸ்', ஒரு காகிதக் கம்பெனியின் கிளையில் நடக்கிற தொடர். 2022-ல் வந்தது, 1,164 பீஸ், 120 டாலர். பீஸுக்குப் பத்து சென்டுக்கு மேல் என்று பார்த்தால் கொள்ளை விலை. ஆனால் உள்ளே 15 மினிஃபிகர். மைக்கேல், டுவைட், ஜிம், பாம், ஸ்டான்லி, கிரீட், ரயன் என்று கிளையே வந்து இறங்கியிருக்கிறது. அவ்வளவு பேரைக் கொடுத்துவிட்டு ஆண்டி (Andy) என்கிற ஊழியரை விட்டுவிட்டார்கள்! பாட்டும் கூத்துமாக இருந்த மனுஷனுக்கு ஒரு நாற்காலி கிடைக்கவில்லை, எனக்கு இன்னும் ஆறவில்லை.

கட்டிடத்தைப் பொறுத்தவரை, முதலில் சொன்ன சுவர்ப் பிரச்சினை இங்கேதான் வருகிறது. கூரை இல்லாமல் மேலிருந்து குனிந்து பார்க்கிற மாதிரி செய்திருக்கிறார்கள். டிவியில் யாரும் அந்த ஆபீஸை மேலிருந்து பார்த்ததில்லை. மேஜை, நாற்காலி, கம்ப்யூட்டர், மறுபடி மேஜை என்று ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும், கட்டுகிறவருக்கே காகிதக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த அலுப்பு வந்துவிடும், அது வேண்டுமென்றே செய்தது என்றால் மேதைத்தனம்தான். மைக்கேலின் அறை மட்டும் மேஜை டிராயர் மாதிரி தனியாக இழுத்தால் வெளியே வருகிறது. ஜெல்லிக்குள் மாட்டிய ஸ்டேப்ளர், கெவினின் சில்லிக் குழம்பு என்று சின்னச் சின்ன வேடிக்கைகளுக்குக் குறைவில்லை. ஆனால் இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் ஏதோ ஒரு ஆபீஸ், அவ்வளவுதான். சென்ட்ரல் பெர்க்கை அறையின் அந்தக் கோடியிலிருந்து பார்த்தாலும் தெரியும். அதனால்தான் ஆறு மாதம் வைத்திருந்துவிட்டு ஆபீஸை விற்றேன், ஊழியர்களை மட்டும் வைத்துக்கொண்டேன். 15 பேரும் இப்போது என் மானிட்டருக்குக் கீழே வரிசையாக நிற்கிறார்கள், அங்கேதான் நன்றாகவும் இருக்கிறார்கள்.

ஸ்டூடியோ சுவரே இல்லாத கார்ட்டூன் என்றால் என்ன செய்வார்கள் என்பதற்கு 2014-ல் வந்த சிம்சன்ஸ் வீடு பதில். 2,523 பீஸ், 200 டாலர், முழு வீடு. இழுத்தால் கீலில் பிளந்து திறக்கும், கூரையும் கழன்று வரும். நான் கட்டவில்லை, நண்பர் வீட்டில் பார்த்ததோடு சரி. மினிஃபிகர் தலைகள் மட்டும் எனக்கு ஒட்டவில்லை, தனி அச்சில் வார்த்த தலைகள், லெகோ பொம்மை மாதிரியே இல்லை. அதே 200 டாலருக்கு 2019-ல் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' வந்தது, 2,287 பீஸ். மேலே ஒரு வீடு, அதற்குக் கீழே அதே வீடு தலைகீழாகத் தொங்கும். யோசனை என்று பார்த்தால் இதுவரை சொன்ன எல்லாவற்றையும் இது தூக்கிச் சாப்பிட்டுவிடும். நம் உலகத்துக்கு நேர் எதிராக ஒரு தலைகீழ் உலகம் இருக்கிறது என்ற கதையைக் கட்டிடமே சொல்கிறது, வேறு எந்த செட்டும் அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் தொடரின் முதல் சீசன் உங்களுக்குப் பிடித்திருந்தால்தான் அந்தத் தலைகீழ் வீட்டோடு ஒரே அறையில் இருக்க முடியும்.

இதில் பழைய செட்களைக் கடையில் புதிதாகத் தேடிப் பிரயோஜனமில்லை, பலது எப்போதோ உற்பத்தி நின்றுபோனது. செகண்ட் ஹேண்டில் வாங்கினால் செங்கலை எண்ணாதீர்கள், சாதாரண பீஸ் குறைந்தால் தனியாக வாங்கிவிடலாம். முதலில் ஆட்களை எண்ணுங்கள், அப்புறம் அவர்கள் தலைமுடியை. என் சென்ட்ரல் பெர்க் அப்படி வாங்கியதுதான், கன்தரின் வெளுத்த முடி மட்டும் வரவில்லை. விற்றவருக்கு எழுதினேன், பெட்டியில் இருந்ததை எல்லாம் அனுப்பிவிட்டேன் என்று ஒரு வரி பதில், அத்தோடு சரி. ஒரு மாதம் கன்தர் மொட்டைத் தலையோடுதான் காபி போட்டார். தங்கை வந்து பார்த்துவிட்டு, "என்னண்ணா, பழனியா திருப்பதியா?" என்றாள். மறுநாள் அவள் பையனின் பந்தயக் கார் ஓட்டுநர் தலையிலிருந்து ஒரு மஞ்சள் முடியைக் கழற்றிக்கொண்டு வந்து மாட்டிவிட்டுப் போனாள். கொஞ்சம் பெரிசுதான், ஆனாலும் சென்ட்ரல் பெர்க்கில் யாரும் கண்டுகொள்ளவில்லை.