இரு பக்கச் சுவர்த் தேசப்படம்: இலங்கைப் பக்கத்துக்காக வாங்கலாம்

களுவாஞ்சிகுடிப் பக்கம் உயர்தரப் பிள்ளைகளுக்குப் புவியியலும் அரசறிவியலும் படிப்பிக்கிறேன். அரசியல் புவியியல் தொடங்கும்போது சுவரில் பெரிய தேசப்படம் ஒன்று கட்டாயம் தொங்க வேண்டும். மட்டக்களப்பு நகரில் ஒரு புத்தகக் கடையில் 2,400 ரூபாவுக்கு இதை வாங்கினேன். ஒரு பக்கம் உலகம், மறுபக்கம் இலங்கை. பெயர்கள் எல்லாம் தமிழில். லமினேட் செய்து மேலும் கீழும் தடி போட்டிருக்கிறார்கள்.

இலங்கைப் பக்கம் அருமை. 9 மாகாணங்களுக்கும் தனித்தனி நிறம், 25 மாவட்டங்களுக்குத் தடித்த கோடு, உள்ளே பிரதேச செயலகப் பிரிவுகளுக்கு மெல்லிய கோடு. கிராம அலுவலர் பிரிவுகளைப் போடவில்லை. 14,000க்கு மேல் இருப்பதைப் போட்டால் படம் கறுத்துத்தான் போகும். மட்டக்களப்பின் 14 பிரதேச செயலகப் பிரிவுகளும் அம்பாறையின் 20 பிரிவுகளும் விடுபடாமல் இருக்கின்றன. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்துக்குள் ‘மண்முனை தென் எருவில் பற்று’ என்ற நீளப் பெயரைக் கரையோடு சாய்த்து எழுதியிருக்கிறார்கள். காத்தான்குடிக்குள் எழுத இடமே இல்லை, பெயரைக் கடலில் போட்டு ஒரு கோடு இழுத்துவிட்டார்கள். இவ்வளவு கவனமாக யாரோ இருந்து வேலை செய்திருக்கிறார்கள் என்பதே சந்தோஷம்.

மூலையில் ஒரு சின்னப் படம் இருக்கிறது. அதில் தேர்தல் மாவட்டங்கள் 22. யாழ்ப்பாணத்தோடு கிளிநொச்சியும், வன்னி என்ற பெயரில் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்கிற கணக்கு அங்கே கண்ணுக்குத் தெரிகிறது. அம்பாறை நிர்வாகத்துக்கு அம்பாறை, தேர்தலுக்குத் திகாமடுல்ல. பிள்ளைகள் பரீட்சையில் குழம்புகிற இடமே இதுதான். 1961 வரை அம்பாறை மட்டக்களப்பு மாவட்டத்துக்குள் இருந்ததையும் ஒரு வரியில் எழுதியிருந்தால் இன்னும் நல்லது.

ஒற்றையாட்சி, அதாவது அதிகாரம் ஒரே மத்திய அரசிடம் இருக்கிற ஆட்சி, என்றால் என்ன என்று விளங்கப்படுத்தவும் இந்தப் பக்கமே போதும். மாவட்டக் கோட்டின் மேல் விரலை வைத்தால் கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகம், அங்கிருந்து நேரே கொழும்பு. மாகாண நிறத்தின் மேல் வைத்தால் 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு வந்த மாகாண சபை. ஒரே ஊரில் ஒரு பள்ளிக்கூடம் மாகாணத்துக்குக் கீழும் இன்னொன்று தேசியப் பாடசாலையாக மத்திய அமைச்சுக்குக் கீழும் இருப்பது ஏன் என்று கேட்டேன், வகுப்பே பேசத் தொடங்கிவிட்டது. அதிகாரத்தைப் பகிர்ந்தாலும் 1978 அரசியலமைப்பின் 2ஆம் உறுப்புரை நாட்டை ஒற்றையாட்சி என்றே சொல்கிறது. நேபாளம் போல 2015இல் ஏழு மாகாணங்களோடு சமஷ்டியாக (கூட்டாட்சியாக) மாறிய நாட்டைப் பக்கத்தில் வைத்துப் பேசினால் வித்தியாசம் நன்றாகப் பிடிபடும்.

ஒரு குறை பெரிது. கடலில் ஒரு கோடு கூட இல்லை, வெறும் நீலம். நாட்டின் ஆள்புலம், அதாவது அதன் ஆட்சி செல்லும் பரப்பு, கரையோடு முடிவதில்லை. 12 கடல் மைல் வரை ஆள்புலக் கடல், 200 வரை மீன் முதலிய வளங்களுக்கு உரிமையுள்ள பொருளாதார வலயம். இந்தியாவோடு 1974இலும் 1976இலும் கடல் எல்லை ஒப்பந்தங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. ஆழ்கடலுக்குப் போகிற அப்பாமாரின் பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களுக்கு முதலில் தெரிய வேண்டிய எல்லையே படத்தில் இல்லை.

உலகப் பக்கம் எனக்குச் சரிவரவில்லை. சூடான் இன்னும் ஒன்றாகவே கிடக்கிறது. தென் சூடான் 2011இல் பிரிந்து ஐ.நா.வின் 193ஆவது உறுப்பு நாடாகச் சேர்ந்துவிட்டது. நிலையான மக்கள், வரையறுத்த நிலம், அரசாங்கம், பிற நாடுகளோடு உறவுகொள்ளும் தகுதி என்று, ஓர் அரசுக்கு வேண்டியவையாக 1933 மொண்டிவிடியோ உடன்படிக்கை சொல்லும் நான்கையும் விளங்கப்படுத்த நான் எடுக்கிற உதாரணமே அந்த நாடுதான். லெசோதோவுக்கும் தென்னாபிரிக்காவுக்கும் ஒரே மஞ்சள். ஒரே நாட்டால் முழுதாகச் சூழப்பட்ட நாட்டை அயல்நாட்டின் நிறத்திலேயே அச்சடித்தால் பிள்ளை அதை எப்படிக் கண்டுபிடிக்கும்? சிலி, இந்தோனேசியா இரண்டும் தெளிவு. நீண்ட நாடு, சிதறிய நாடு என்று காட்ட அவை உதவுகின்றன.

லமினேட் உறுதியானது, வெள்ளைப் பலகைப் பேனையால் எழுதினாலும் துணியால் துடைத்தால் போய்விடுகிறது. ஆசிரியர்களும் வீட்டில் உயர்தரப் பிள்ளை இருப்பவர்களும் இலங்கைப் பக்கத்துக்காகத் தாராளமாக வாங்கலாம். கடையில் காசு கொடுக்கும் முன்னர் படத்தை விரித்து ஆபிரிக்காவைப் பாருங்கள். சூடான் இரண்டாக இருந்தால் அது புதிய பதிப்பு, அதையே கேட்டு எடுங்கள்.