நாட், கிலோமீட்டர்: எந்தக் குறுக்குக் கணக்கை நம்பலாம்?

புயல் காலத்தில் காற்றின் வேகம் பொதுமக்களுக்கு மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்றும், கப்பல்களுக்கு இத்தனை நாட் என்றும் அறிவிக்கப்படுகிறது. ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல் வேகம். 1929-இல் மொனாக்கோவில் கூடிய பன்னாட்டு மாநாடு கடல் மைலை 1,852 மீட்டர் என வரையறுத்ததால், ஒரு நாட் மணிக்குச் சரியாக 1.852 கிலோமீட்டர் ஆகிறது. இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. மனக்கணக்காகப் போடும் குறுக்குவழிகளில்தான் கவனம் தேவை.

பலரும் கையாளும் முறை, நாட் அளவை இரட்டித்துப் பத்தில் ஒரு பங்கைக் கழிப்பது. 10 நாட் என்றால் 18 கிலோமீட்டர் வரும். உண்மை மதிப்பு 18.52. படகின் வேகத்துக்கு இது போதும். காற்றின் வேகத்துக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வகைப்பாட்டில் 64 நாட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 118 கிலோமீட்டர் வேகத்தில், தீவிரப் புயல் மிகத் தீவிரப் புயலாகிறது. இந்தக் குறுக்குவழியோ 115 என்று காட்டி, அதே புயலை ஒரு படி கீழே இறக்கிவிடுகிறது. பிழை மூன்று விழுக்காட்டுக்கும் குறைவுதான் என்றாலும், ஆபத்தைக் குறைத்துக் காட்டும் பக்கமாக அது சாய்வதே என் மறுப்புக்குக் காரணம். இரட்டித்த தொகையில் நூற்றுக்கு ஏழு கழித்தால் 119 கிடைக்கும். சற்றே கூடுதல், ஆனால் பாதுகாப்பான பக்கம்.

கிலோமீட்டரிலிருந்து நாட் அளவுக்கு வரும்போது, பாதியாக்கி அந்தப் பாதியோடு நூற்றுக்கு எட்டு சேர்ப்பது வியக்கத்தக்க துல்லியம் தருகிறது: 100 கிலோமீட்டர் 54 நாட் ஆகும், உண்மை மதிப்பு 53.996. எட்டுக்குப் பதில் பத்து சேர்ப்பவர்களுக்கு 55 கிடைக்கும். நொடிக்கு மீட்டர் என்னும் அளவை வெறுமனே இரட்டித்தாலே போதும். 20 மீட்டருக்கு 40 நாட் வரும், உண்மையில் 38.9.

இவ்வளவு சிரமம் ஏன், கடலிலும் கிலோமீட்டரையே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் கடல் வரைபடத்தின் ஓரத்தைப் பார்க்க வேண்டும். அங்குள்ள அட்சரேகை அளவுகோலில் ஒரு கலை, அதாவது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு, ஏறத்தாழ ஒரு கடல் மைல். (பூமி முழு உருண்டையாக இல்லாததால் அது நிலநடுக்கோட்டில் சுமார் 1,843 மீட்டராகவும் துருவத்தில் சுமார் 1,862 மீட்டராகவும் இருக்கும்.) சென்னைத் துறைமுகம் ஏறத்தாழ 13 பாகை 6 கலையிலும், நாகப்பட்டினம் 10 பாகை 46 கலையிலும் உள்ளன. வடக்குத் தெற்காக இடைவெளி 140 கலை, எனவே 140 கடல் மைல். 10 நாட் வேகத்தில் 14 மணி நேரப் பயணம். அதையே கிலோமீட்டரில் போட விரும்பினால் 259.28-ஐ 18.52-ஆல் வகுக்க வேண்டும்.