எக்ஸ்-மென் காமிக்ஸ்: எங்கே ஏறி, எங்கே இறங்குவது?

எக்ஸ்-மென் படிக்க ஆசைப்பட்டு யாரிடம் கேட்டாலும் ஒரு இதழ் எண்ணைச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். அது பாதி பதில்தான். பிறவியிலேயே விசேஷ சக்தி கொண்ட 'மியூட்டண்ட்' வீரர்களைப் பற்றி 1963-இல் தொடங்கி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் இந்த மார்வெல் தொடரில் ஏறுவது சுலபம், இறங்குவதுதான் கஷ்டம். ஒரு எழுத்தாளர் அழகாக முடித்து வைத்த முடிச்சை அடுத்து வருபவர் ஓரிரு வருடத்தில் அவிழ்த்துவிடுவார். பெரும்பாலான டெக்ஸ் வில்லர் கௌபாய் காமிக்ஸ் கதைகளைப் போல எடுத்த புத்தகத்தில் முடிந்துவிடும் ரகம் இல்லை இது. ஆகவே ஒவ்வொரு காலகட்டத்தையும் மூன்று கேள்விகளோடு அணுகுவது நல்லது. எங்கே நிறுத்தலாம்? பக்கத் தொடர்கள் (கதை தாவிப் போகும் மற்ற தொடர்கள்) எத்தனை வாங்க வேண்டிவரும்? ஓவியம் ஒரே கையில் நிற்கிறதா? (பெரிய திருப்பங்கள் சில கீழே வெளிப்படுகின்றன.)

1963: வரலாற்றுக்காக மட்டும்

ஸ்டான் லீ, ஜாக் கிர்பி கூட்டணியில் வந்த முதல் இதழின் அட்டைத் தேதி செப்டம்பர் 1963. அவெஞ்சர்ஸ் முதல் இதழும் அதே மாதம்தான். சைக்ளாப்ஸ், ஜீன் கிரே, பீஸ்ட், ஏஞ்சல், ஐஸ்மேன் என்ற ஐந்து மாணவர்கள், பேராசிரியர் சேவியர், எதிரில் மேக்னீட்டோ. கிர்பி 11-ஆம் இதழோடு முழு ஓவியப் பொறுப்பை விட்டார், 17 வரை பக்க அமைப்பு மட்டும் தந்தார். அதன்பின் தொடர் தடுமாறியது. 1970-இல் 66-ஆம் இதழோடு புதுக்கதைகள் நின்றன. 67 முதல் 93 வரை பழைய கதைகளின் மறுபதிப்புதான். பழைய இதழ்களைத் தேடி வாங்குபவர்கள் இந்த 27 எண்களையும் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம்.

அந்த 66 இதழ்களையும் படிப்பது வீண். முதல் இதழ், மியூட்டண்ட்களை வேட்டையாடும் சென்டினல் ரோபோக்கள் அறிமுகமாகும் 14 முதல் 16 வரை, நீல் ஆடம்ஸ் தூரிகை பிடித்த 56 முதல் 63 வரை போதும். அதுகூட வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. 1980-இல் வந்த 138-ஆம் இதழில் சைக்ளாப்ஸ் அணியின் முழு வரலாற்றையும் நினைத்துப் பார்க்கிறான். 1963 முதல் அதுவரை நடந்தவற்றின் சுருக்கம் ஒரே இதழில் கிடைத்துவிடும். ஆனால் 137-ஐப் படித்த பிறகுதான் அதைத் தொட வேண்டும்.

1975: உண்மையான தொடக்கம்

மே 1975 தேதியிட்ட 'ஜெயண்ட்-சைஸ் எக்ஸ்-மென்' முதல் இதழில் லென் வீனும் டேவ் காக்ரமும் அணியைக் கலைத்துப் போட்டு அடுக்கினார்கள். கென்யாவிலிருந்து ஸ்டார்ம், ஜெர்மனியிலிருந்து நைட்கிராலர், சோவியத் ரஷ்யாவிலிருந்து கொலோசஸ், கனடாவிலிருந்து வுல்வரின். ஹல்க் இதழில் முந்தின வருடம்தான் தலைகாட்டியிருந்த வுல்வரினை அன்றைக்கு யாரும் நட்சத்திரமாக நினைக்கவில்லை. 94-ஆம் இதழில் கிறிஸ் கிளேர்மாண்ட் வந்தார், 16 ஆண்டுகள் போகவில்லை.

இந்த வாசலை மற்றவற்றிலிருந்து பிரிப்பது கிளேர்மாண்டின் பொறுமை. 1978 வரை இரண்டு மாதத்துக்கு ஓர் இதழ்தான் வந்தது. அவர் ஓர் இதழில் விதை போடுவார், அது இருபது இதழ் கழித்து முளைக்கும். 101-இல் ஜீன் ஃபீனிக்ஸ் என்ற பெருஞ்சக்தியாகிறாள், 108-இல் ஜான் பர்ன் ஓவியராக வருகிறார், 129 முதல் 137 வரை டார்க் ஃபீனிக்ஸ் கதை. 135-இல் அவள் ஒரு சூரியனை விழுங்க, அதைச் சுற்றிய கிரகத்தின் உயிர்கள் எல்லாம் அழிகின்றன. திட்டமிட்ட முடிவில் ஜீன் சக்தியிழந்து உயிரோடு திரும்பவேண்டும். இத்தனை உயிரைக் கொன்றவள் அப்படித் தப்பிக்கக்கூடாது என்று தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் மறுத்ததால் முடிவு மாறியது, 137-இல் ஜீன் இறக்கிறாள். முதலில் வரைந்த முடிவு 1984-இல் தனி இதழாகவும் வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் ஷூட்டர் செய்தது சரி என்பது தெரியும். காமிக்ஸ் உலகில் ஆசிரியரின் தலையீடு கதையைக் காப்பாற்றிய அபூர்வ சந்தர்ப்பம் அது.

இப்போது இறங்குமிடம். 143 பர்னின் கடைசி இதழ். அதற்குள் 'டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்' (141, 142) முடிந்திருக்கும். ஜெயண்ட்-சைஸையும் சேர்த்து 51 இதழ்கள், பக்கத் தொடர் தேவையே இல்லை. கொஞ்சம் கூடப் போகலாம் என்பவர்கள் சைக்ளாப்ஸ் வேறொரு பெண்ணை மணக்கும் 175 வரை போகலாம். மொத்தம் 83 இதழ்கள். இதுதான் இந்தத் தொடரின் மிக இயல்பான நிறுத்தம். இரண்டு வருடம் கழித்து 'எக்ஸ்-ஃபேக்டர்' என்ற புதுத்தொடருக்காக ஜீனை உயிர்ப்பித்தார்கள். இறந்தது ஜீன் அல்ல, அவள் உருவம் எடுத்த வேறொரு சக்தி என்று விளக்கம். 137-க்குக் கண்ணீர் விட்டவர்களுக்கு அது ஏமாற்று. மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு சைக்ளாப்ஸ் ஜீனிடம் ஓடியதில் அந்தப் பாத்திரத்துக்கு விழுந்த கறை இன்னும் போகவில்லை.

1986-இன் 'மியூட்டண்ட் மாசக்கர்' முதல் தலைவலி ஆரம்பம். அந்த ஒரு கதைக்கு அன்கேனி (142 முதல் இதே தொடரின் பெயர்) 210 முதல் 213 வரை போதாது. எக்ஸ்-ஃபேக்டர், நியூ மியூட்டண்ட்ஸ், தோர், பவர் பேக் இதழ்களும் வேண்டும். இதற்குமேல் போகிறவர்கள் இதழ் இதழாக வாங்காமல் அந்தக் கதைக்கென்று வந்த தொகுப்பை வாங்குவதே புத்திசாலித்தனம்.

ஒரு குறையையும் சொல்லவேண்டும். கிளேர்மாண்ட் அதிகம் எழுதுவார். படத்தில் தெரிவதையே விவரணைப் பெட்டியும் சொல்லும், பிறகு பாத்திரமும் வாய்விட்டுச் சொல்லும். இன்றைய இதழைவிட இருமடங்கு நேரம் பிடிக்கும். ஒரே மூச்சில் பத்து இதழ் படித்தால் அலுத்துவிடும், நாளுக்கு இரண்டு மூன்று என்றால் சரியாக இருக்கும்.

1991: விற்பனையின் உச்சம், கதையின் சரிவு

ஜிம் லீ வரைந்த இரண்டாவது 'எக்ஸ்-மென்' தொடரின் முதல் இதழ் 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது, கின்னஸ் சாதனை. ஐந்து வெவ்வேறு அட்டைகள், அதில் நான்கைச் சேர்த்து வைத்தால் ஒரே படம். ஒரே ஆள் ஐந்தையும் வாங்குவான் என்ற கணக்கு பலித்தது. பின்னாளில் விலை ஏறும் என்று பெட்டி பெட்டியாகச் சேர்த்து வைத்தவர்களின் கணக்குத்தான் பலிக்கவில்லை. எல்லோரிடமும் இருக்கும் பொருளுக்கு யார் விலை கொடுப்பார்கள்?

முதல் மூன்று இதழ்கள் மேக்னீட்டோவுக்கு நல்ல விடைகொடுப்பு. அத்தோடு கிளேர்மாண்ட் விலகினார், அடுத்த வருடம் ஜிம் லீயும் இமேஜ் காமிக்ஸ் தொடங்கப் போனார். மூன்றோடு நிறுத்துங்கள். அதன்பின் வந்தவர்கள் புதிர்களைப் போட்டுவிட்டு விடை யோசிக்காமல் நகர்ந்தார்கள். அணிக்குள் ஒரு துரோகி என்று 1991-92 வாக்கில் எதிர்காலத்திலிருந்து வந்த பிஷப் என்ற பாத்திரம் கொண்டுவந்த செய்திக்கு 1996-இல்தான் பதில் வந்தது. சைக்ளாப்ஸுக்கு இன்னொரு சகோதரன் உண்டு என்று 1993-இல் விட்ட குறிப்புக்கு விடை கிடைக்க 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 12 பாகமாக நான்கு தொடர்களில் ஓடிய 'எக்ஸ்-கியூஷனர்ஸ் சாங்' (1992) போன்ற கதைகளை அன்றைய அனிமேஷன் தொடர் மீதுள்ள பாசத்தில் எடுப்பவர்கள் பாதியில் மூடி வைப்பதுதான் வழக்கம்.

மாரிசனா, வீடனா?

நிஜமான போட்டி இங்கேதான். 2001-இல் கிராண்ட் மாரிசன் 'நியூ எக்ஸ்-மென்' 114-இல் வந்தார். வண்ண உடைகளுக்குப் பதில் தோல் சட்டை. எடுத்த எடுப்பில் மியூட்டண்ட்கள் வாழும் ஜெனோஷா தீவில் 1.6 கோடி மியூட்டண்ட்கள் சாகிறார்கள். பள்ளி என்று பெயருக்கு இருந்த இடம் நிஜமாகவே மாணவர்களால் நிரம்புகிறது, அந்த மாணவர்கள் கலகமும் செய்கிறார்கள் (134 முதல் 138 வரை). பழையது எதுவும் தெரியாமலே படிக்கலாம்.

சிக்கல் ஓவியத்தில். ஃப்ராங்க் குவைட்லி அற்புதமாக வரைவார், ஆனால் மெதுவாக. இடைவெளியை நிரப்ப இகோர் கோர்டே போன்றவர்களை அவசரத்தில் வரையவைத்தார்கள், அந்த அவசரம் பக்கத்தில் அப்படியே தெரியும். இன்னொரு பொறி, 2001 ஆண்டு மலர். அதைக் குறுக்குவாட்டில் திருப்பிப் படிக்க வேண்டும். ஸோர்ன் என்ற முக்கியப் பாத்திரம் அறிமுகமாவது அதில்தான். 116-க்கும் 117-க்கும் நடுவே அதைப் படிக்காவிட்டால் 146-இன் பெரிய திருப்பம் பிசுபிசுத்துப் போகும். 154-இல் இறங்கிவிடுங்கள். அந்தத் திருப்பத்தையே மார்வெல் சீக்கிரத்தில் மாற்றிச் சொல்லிவிட்டது.

ஜாஸ் வீடனின் 'அஸ்டானிஷிங் எக்ஸ்-மென்' (2004) நேர்எதிர். 24 இதழ்கள், முடிவுக்கு ஒரு ஜெயண்ட்-சைஸ், எல்லாமே ஜான் கேசடே ஒருவரே வரைந்தவை. அதனால் தாமதமாகி 2008 வரை இழுத்தது, இன்று தொகுப்பாகப் படிப்பவருக்கு அது பொருட்டில்லை. வண்ண உடை திரும்பியது, நகைச்சுவை வந்தது. மியூட்டண்ட் தன்மைக்கு மருந்து என்ற முதல் கதையிலிருந்து 2006 திரைப்படமும் எடுத்துக்கொண்டது. ஆனால் இதன் உணர்ச்சி முழுக்கக் கடன் வாங்கியது. அணியின் இளம்பெண் கிட்டியும் அவளுடைய பழைய காதலன் கொலோசஸும் மீண்டும் சந்திக்கும் இடம் 1980-களைப் படித்தவருக்குத் தொண்டையை அடைக்கும், மற்றவருக்கு இரண்டு பேர் கட்டிப்பிடிக்கிறார்கள், அவ்வளவுதான். சுலபமான வாசல் என்று இதையே முதலில் பரிந்துரைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். முதலில் மாரிசன், 1975-ஐ முடித்தபின் வீடன், இதுவே சரியான வரிசை.

2019: புதியவருக்கென்று விற்ற பழையவர் கதை

ஜோனதன் ஹிக்மனின் 'ஹவுஸ் ஆஃப் எக்ஸ்', 'பவர்ஸ் ஆஃப் எக்ஸ்' இரண்டும் தலா ஆறு இதழ்கள், 12 வாரத்தில் வந்தவை. 1975-இல் எதிரியாக வந்த க்ரக்கோவா தீவு இப்போது மியூட்டண்ட்களின் நாடு, இறந்தவரை உயிர்ப்பிக்கவும் ஒரு முறை கண்டுபிடித்துவிட்டார்கள். சாவுக்கு அர்த்தமில்லாத தொடர் என்ற பல வருடக் கேலியை ஹிக்மன் கதையின் சட்டமாகவே ஆக்கியது கெட்டிக்காரத்தனம்.

படிக்கும்போது நடக்கும் பெரிய தப்பு, ஒரு தலைப்பை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவது. சரியான வரிசை: ஹவுஸ் 1, பவர்ஸ் 1, ஹவுஸ் 2, பவர்ஸ் 2, பவர்ஸ் 3, ஹவுஸ் 3, ஹவுஸ் 4, பவர்ஸ் 4, அதன்பின் ஐந்தும் ஆறும் இதேபோல ஹவுஸ் முன், பவர்ஸ் பின். நடுவே வரும் வரைபடப் பக்கங்களைப் புரட்டிவிடக்கூடாது, பாதிக் கதை அங்கேதான் இருக்கிறது. இந்த 12-லேயே இறங்கலாம். மேலே போனால் 22 பாகம் கொண்ட 'எக்ஸ் ஆஃப் ஸ்வார்ட்ஸ்' வழிமறிக்கும். ஹிக்மன் முழுத் திட்டத்தையும் முடிக்காமல் 2021-இல் 'இன்ஃபெர்னோ'வைத் தொடங்கி அத்தோடு விலகினார், க்ரக்கோவா காலமே 2024-இல் முடிந்தது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

பெயர்களை நம்பாதீர்கள். 1963-இன் தொடர்தான் 142 முதல் 'அன்கேனி எக்ஸ்-மென்'. 1991-இன் தொடர்தான் 114-இல் 'நியூ எக்ஸ்-மென்' ஆனது, 157-இல் பழைய பெயருக்குத் திரும்பியது, 2008-இல் 'லெகசி' ஆனது. 2004-இல் ஒன்றாம் எண்ணிலிருந்து கிளம்பிய 'நியூ எக்ஸ்-மென்' வேறு தொடர், மாரிசனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 'இன்ஃபெர்னோ' என்ற பெயரில் 1989-இலும் ஒரு கதை உண்டு. எண்ணை மட்டும் பார்க்காமல் ஆண்டு, எழுத்தாளர் பெயர் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

1975-க்கு எபிக் கலெக்‌ஷன் என்ற தொகுப்பு வரிசை வண்ணத்தில் வருகிறது, கையில் பிடித்துப் படிக்க வசதி. ஆம்னிபஸ் என்ற தடித்த தொகுப்பின் முதல் தொகுதி 131-இல் முடிகிறது, அதாவது டார்க் ஃபீனிக்ஸின் நட்டநடுவில். அதை மட்டும் வாங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். எசென்ஷியல் வரிசை கருப்பு வெள்ளை, பழைய புத்தகக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும், பர்னின் கோடுகள் அதில் இன்னும் துல்லியமாகவே தெரியும். 1986-இல் தொடங்கிய 'கிளாசிக் எக்ஸ்-மென்' மறுபதிப்பில் மட்டும் எச்சரிக்கை தேவை. பிற்காலக் கதைக்கு ஒத்துப்போக இடையிடையே புதுப்பக்கங்களைச் செருகியிருக்கிறார்கள், சில பழைய பக்கங்களை மாற்றியும் இருக்கிறார்கள். அதன் பின்பக்கங்களில் கிளேர்மாண்ட் எழுதி ஜான் போல்ட்டன் வரைந்த குட்டிக்கதைகளுக்காக வேண்டுமானால் தனியாக வாங்கலாம்.