பக்சில்லாவோடு 11 வருடம்: அடித்தலும் திருத்தலும்

நான் டெஸ்டர். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் பக்சில்லாவில் (மென்பொருளில் கண்ட பிழைகளைப் பதிந்து பின்தொடரும் கருவி) லாகின் கிடைத்தது. 11 வருடம் ஓடிவிட்டது. நடுவில் கம்பெனி மாறினேன், அங்கேயும் இதுவே. புதிதாக பக் போடுவது, அதாவது கண்ட பிழையைப் பதிவது, பெரிய வித்தை இல்லை. போட்ட பக்கைத் திரும்பத் திறந்து, படித்து, திருத்துவதில்தான் என் பாதி நாள் போகிறது. அதனால் அந்தப் பக்கத்தை மட்டும் எழுதுகிறேன்.

பக்சில்லாவை முகத்தை வைத்து எடை போட்டால் தேறாது. 1998-இல் மொசில்லாவுக்காக (ஃபயர்பாக்ஸ் உலாவியைத் தந்த அமைப்பு) டெர்ரி வைஸ்மன் எழுதிய மென்பொருள். தோற்றத்தில் இன்னும் அந்தக் காலத்து வாடை அடிக்கிறது. முதலில் டிசிஎல் என்ற நிரல்மொழியில் இருந்து, பிறகு பெர்லுக்கு மாறியது. தேடலில் எதுவும் சிக்காவிட்டால் 'ஜீரோ பக்ஸ்' (பக் எதுவும் இல்லை) என்பதை 'ஜாரோ பூக்ஸ்' என்று வேண்டுமென்றே எழுத்துப்பிழையோடு சொல்லும். நெட்ஸ்கேப் 4.0 என்ற பழைய உலாவியின் வெளியீட்டு விருந்தில் கொடுத்த டி-ஷர்ட்டில் இருந்த கிண்டல் அது. பிழையே இல்லாத மென்பொருள் ஏது? ஆரம்பத்தில் சிரித்தேன், இப்போது கண்ணிலேயே படுவதில்லை.

எனக்கு முதலில் எரிச்சல் தந்தது கமென்ட், அதாவது பக்கின் கீழே நாம் எழுதும் குறிப்பு. ஒருமுறை சேமித்துவிட்டால் திருத்த முடியாது. பில்டு எண்ணை (எந்தப் பதிப்பைச் சோதித்தோம் என்று காட்டும் எண்) தப்பாக அடித்தாலும் அப்படியே நிற்கும். ஸ்டேட்டஸ், பிரையாரிட்டி, அசைனி (பக்கைச் சரிசெய்ய வேண்டியவர்), தலைப்பு எல்லாவற்றையும் மாற்றலாம், கமென்டை மட்டும் முடியாதென்றால் என்ன நியாயம் என்று புலம்பியிருக்கிறேன்.

நியாயம் புரிய ஒரு பஞ்சாயத்து தேவைப்பட்டது. ரிலீசுக்கு முந்தைய நாள் ஒரு பக் 'ஃபிக்ஸ்டு' என்று மூடியிருந்தது. வாடிக்கையாளரிடம் போனதும் அதே பிழை. "டெஸ்டிங்கில்தான் விட்டுவிட்டார்கள்" என்று பேச்சு வந்தது. ஹிஸ்டரியைத் திறந்தேன். யார், எப்போது, எந்தப் புலம், எது நீக்கப்பட்டது, எது சேர்ந்தது என்று வரிவரியாக ஓர் அட்டவணை. நான் ரீஓப்பன் செய்தது மாலை 4:10-க்கு, வேறொருவர் மறுபடி மூடியது 6:35-க்கு. நடுவில் என் கமென்ட், எந்த பில்டில் பார்த்தேன் என்ற விவரத்தோடு. பத்திரத்தில் ஒரு சொல்லை அடித்தால் பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொல்வார்கள் இல்லையா, அதே கணக்குதான். பேச்சு அதோடு நின்றது.

சரி, என் பக்கத்துத் தப்பையும் சொல்ல வேண்டும். ஒரே பக்கை இரண்டு பேர் ஒரே நேரத்தில் திருத்தினால், பின்னால் சேமிப்பவருக்கு 'மிட்-ஏர் கொலிஷன்' என்ற பக்கம் வரும். நீங்கள் தட்டிக்கொண்டிருந்தபோது இன்னார் இதையெல்லாம் மாற்றியிருக்கிறார் என்று காட்டிவிட்டு, உங்கள் மாற்றத்தை அதன் மேல் ஏற்றவா, கமென்டை மட்டும் சேர்க்கவா, எல்லாவற்றையும் விட்டுவிடவா என்று கேட்கும். அவசரத்தில் படிக்காமல் முதலாவதை அழுத்தினேன். மேனேஜரோடு அரைமணி நேரம் பேசி டெவலப்பர் பி3 ஆக்கியிருந்த பிரையாரிட்டி என் கையால் பழையபடி பி1, அதாவது முதல் அவசரம், ஆனது. மறுநாள் அந்த டெவலப்பர் என் மேசைக்கே வந்துவிட்டார். அன்றிலிருந்து அந்தப் பக்கம் வந்தால் கையை மௌசிலிருந்து எடுத்துவிட்டுப் படிக்கிறேன்.

மொத்தமாகத் திருத்தும் வசதி இதைவிட ஆபத்து. தேடல் பட்டியலின் அடியில் 'பல பக்குகளை ஒரே நேரத்தில் மாற்று' என்று ஓர் இணைப்பு. ஒவ்வொரு புலத்திலும் 'மாற்றாதே' என்பதே முதலில் நிற்கும், அதுவரை பாதுகாப்பு. ஆனால் 'எல்லாவற்றையும் தேர்ந்தெடு' பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதே! வேலையை விட்டுப் போன ஒருவரின் 12 பக்கை வேறொருவர் பெயருக்கு மாற்றப் போய், பட்டியலில் இருந்த 140-ஐயும் ஒரே ஆள் தலையில் கட்டினேன். பக் ஒன்றுக்கு ஒரு மெயில் வீதம் டீம் முழுக்கப் பறந்தது. ஒரே சொடுக்கில் பின்வாங்க வழியில்லை. ஹிஸ்டரியைப் பார்த்து ஒவ்வொன்றாகப் பழையபடி ஆக்க ஒரு பகல் போனது. இப்போதெல்லாம் முதலில் தேடலைச் சுருக்குகிறேன், அப்புறம்தான் டிக்.

டூப்ளிகேட்டை (ஏற்கெனவே இருக்கும் பக்கையே இன்னொருவர் மறுபடி போடுவது) கையாளும் விதம் மட்டும் குறையே சொல்ல முடியாது. பழைய பக்கின் எண்ணைக் கொடுத்தால் போதும், இரண்டு பக்கிலும் தானே குறிப்பு விழும். புதிதாகப் போட்டவரைப் பழைய பக்கின் சிசி பட்டியலில் (மாற்றம் நடந்தால் மெயில் போகிறவர்கள்) சேர்த்துவிடும். 'என் பக் என்ன ஆச்சு' என்று கேட்டு யாரும் வருவதில்லை.

போன மாதம் சேர்ந்த பெண், "அக்கா, கமென்ட்ல பில்டு நம்பரைத் தப்பா போட்டுட்டேன், டெலீட் பண்ண முடியுமா?" என்று கேட்டாள். முடியாதும்மா, கீழே புதுசா ஒண்ணு போடு என்றேன். "7-ஆம் கமென்டில் எண் தவறு, சரியானது இது" என்று ஒரே வரியில் போட்டாள். முகத்தில் அதே எரிச்சல்.