பழைய கிட்டாரின் பிறந்த ஆண்டைக் கண்டு சொல்லும் காட்பாடிப் பட்டறை: ஒரு மதிப்புரை

பழைய மின்சார கிட்டார் ஒன்றை வாங்கவோ விற்கவோ எண்ணுகிறவர்கள், பணம் கைமாறுவதற்கு முன் ஒருமுறை காட்பாடி காந்தி நகரில் இருக்கும் கிட்டார் பழுதுபார்க்கும் பட்டறைக்குப் போய் வருவது நல்லது. தந்தி மாற்றுவதும் விரல்பலகையில் பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்களைத் தேய்ப்பதும்தான் அங்கே அன்றாட வேலை. வேலூர், இராணிப்பேட்டை வட்டாரத்துச் சர்ச் குழுக்களும் கல்லூரி மாணவர்களும் அதற்காகத்தான் வருகிறார்கள். ஆனால் பட்டறையை நடத்தும் பெரியவரின் உண்மையான திறமை, ஒரு கிட்டாரைப் பிரித்துப் பார்த்து அது எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்பதை ஆதாரத்தோடு எழுதித் தருவதில் இருக்கிறது என்பது என் கருத்து.

நான் கொண்டுபோனது, இராணிப்பேட்டையில் ஒரு குடும்பம் விற்பதற்கு வைத்திருந்த ஃபெண்டர் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை மின்சார கிட்டார். அது 1965-க்கு முந்தையது என்று அந்த வீட்டில் தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். ஃபெண்டர் நிறுவனம் 1965 ஜனவரியில் சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனத்தின் கைக்குப் போனது. அதற்கு முன் செய்யப்பட்ட கிட்டார்களுக்கு உலகச் சந்தையில் இருக்கும் விலை, எழுபதுகளில் செய்யப்பட்டவற்றின் விலையைப் போலப் பல மடங்கு என்பதால், இந்த ஒரு கேள்விக்குச் சரியான விடை தெரியாமல் விலை பேசவே முடியாது. புகைப்படத்தை வாங்கிக்கொண்டு மதிப்பிட்டுச் சொல்லும் ஒரு சேவையை முதலில் நாடினேன். கிட்டாரின் பின்பக்கத் தகட்டில் இருந்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, காரணம் எதுவும் சொல்லாமல், 1973 என்று ஒற்றை வரியில் பதில் அனுப்பிப் பணத்தை வாங்கிக்கொண்டார்கள்.

காட்பாடிப் பெரியவர் உறையைத் திறந்தவுடனே வீட்டார் சொன்ன ஆண்டை விலக்கிவிட்டார். பெரிய தலைப்பகுதி 1965-இன் பிற்பகுதியில்தான் வந்தது. கிட்டாரின் கழுத்தான நெக்கை உடற்பகுதியோடு பிணைக்கும் திருகுகள் நான்காக இருந்து மூன்றாகக் குறைந்ததும், நெக்கின் சாய்வைச் சரிசெய்யும் ஏற்பாடு சேர்ந்ததும், தலைப்பகுதியில் தோட்டா வடிவக் குமிழ் வந்ததும் 1971-ஐ ஒட்டித்தான். இவை எல்லாமே இந்தக் கிட்டாரில் இருந்தன. பின்பக்கத் தகட்டில் 5 என்று தொடங்கும் ஆறிலக்க எண் இருந்தது. தகடுகளை எண் வரிசைப்படி எடுத்துப் பொருத்தும் வழக்கம் அந்தத் தொழிற்சாலையில் இருந்ததில்லை என்பதால், அடுத்தடுத்த எண்கள் சில ஆண்டுகளுக்குள் சிதறிக் கிடக்கும். அந்த எண்ணைக் கொண்டு ஒரே ஆண்டைச் சொல்வது தவறு என்று அவர் தெளிவாக விளக்கினார். 1976-இல் எண்ணைத் தகட்டிலிருந்து தலைப்பகுதிக்கு மாற்றினார்கள். எழுபதுகளைக் குறிக்க எஸ் என்ற எழுத்தும் அதன்பின் ஆண்டின் கடைசி இலக்கமும் வந்தன. ஆகவே கிட்டார் 1971-க்கும் 1976-க்கும் இடைப்பட்டது என்பது திருகாணியைத் தொடும் முன்பே தெரிந்துவிட்டது.

அதன்பிறகு நடந்த வேலைதான் இந்தச் சேவையின் சாரம். தந்திகளைத் தளர்த்தி, முகப்புத் தகட்டைக் கழற்றி, உள்ளே இருந்த மூன்று பாட்களையும் (ஒலி அளவையும் தொனியையும் கூட்டிக் குறைக்கும் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் மின்உறுப்புகள்) டார்ச்சும் சிறு கண்ணாடியும் வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு பாட்டின் முதுகிலும் ஏழு இலக்கங்கள் அச்சாகியிருக்கும். முதல் மூன்று செய்த நிறுவனத்தையும், அடுத்த இரண்டு ஆண்டையும், கடைசி இரண்டு வாரத்தையும் குறிக்கும். வால்யூம் பாட்டில் எர்த் கம்பியைப் பற்றவைத்த ஈயப்பொட்டு கடைசி இரண்டு இலக்கங்களை மூடியிருந்தது. அதை உருக்கி எடுத்தால் படித்துவிடலாமே என்று நான் கேட்டதற்கு, “வேண்டாம் தம்பி, தொழிற்சாலையில் வைத்த பற்று அப்படியே இருப்பதே ஒரு சாட்சி, அதைக் கலைத்துவிட்டால் எண் கிடைக்கும், நம்பிக்கை போய்விடும்” என்றார். டோன் பாட்கள் இரண்டிலும் 1377438 என்ற எண் முழுதாகப் படிக்கக் கிடைத்தது. 137 என்பது சிடிஎஸ் நிறுவனத்தின் குறி, 74 ஆண்டு, 38 வாரம். அதாவது 1974 செப்டம்பர் நடுவில் செய்த பாட்.

இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். பாட்டின் தேதி கிட்டாரின் தேதி ஆகாது. அதற்கு முன் கிட்டார் முடிந்திருக்க முடியாது என்பதை மட்டுமே அது உறுதி செய்கிறது. ஃபெண்டர் 1966-இல் பாட்களைப் பெருமளவில் வாங்கிக் குவித்ததால், அந்த ஆண்டின் குறியோடு அறுபதுகளின் கடைசிவரை வந்த கிட்டார்கள் நிறையவே உண்டு. பழைய புல்லட் வாங்குகிறவர் என்ஜின் எண்ணையும் சேஸி எண்ணையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுபோல, மற்ற உறுப்புகளும் அதே காலத்தைச் சொல்கின்றனவா என்று இவர் தேடினார். தந்தியின் அதிர்வை மின்குறியாக மாற்றும் பிக்கப்பின் காந்த முளைகள் ஏற்ற இறக்கமில்லாமல் ஒரே உயரத்தில் இருந்தன. அது 1974-ஐ ஒட்டி வந்த மாற்றம். பிக்கப் மூடிகள் வெள்ளையாக இருந்தன. 1975 வாக்கில் அவை கறுப்புக்கு மாறின. கம்பிகளில் துணிச்சுற்று இல்லை, பிளாஸ்டிக் உறை இருந்தது. நெக்கின் அடியில் இருந்த தேதிக்கான மை முத்திரை பாதி அழிந்திருந்ததால் அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. “1974 இறுதி அல்லது 1975 தொடக்கம், மின்பகுதி தொழிற்சாலையில் பற்றவைத்தபடியே உள்ளது, நெக் முத்திரை படிக்க முடியவில்லை” என்று கைப்பட எழுதித் தந்தார். தெரிந்ததைத் தாண்டி ஒரு சொல் இல்லாத அந்தக் காகிதத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

ஜப்பானிய ஐபனெஸ் கிட்டார் கொண்டுவருகிறவர்களுக்கு இவ்வளவு பாடு இல்லை. எழுபதுகளின் பிற்பாதியில் வந்தவற்றின் வரிசை எண்ணில் முதல் எழுத்து மாதத்தையும் அடுத்த இரண்டு இலக்கங்கள் ஆண்டையும் குறிக்கும். எஃப் 78 என்று தொடங்கினால் 1978 ஜூன். இன்னொரு அமெரிக்கத் தயாரிப்பான கிப்சன் கிட்டாரில், 1977-க்குப் பிந்தைய எட்டிலக்க எண்ணில் முதல் இலக்கமும் ஐந்தாம் இலக்கமும் ஆண்டு, இடையில் உள்ள மூன்றும் அது அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. அறுபதுகளின் கிப்சன்தான் சிக்கல். ஒரே எண்ணை வெவ்வேறு ஆண்டுகளில் மறுபடியும் போட்டிருப்பதால், அதற்கும் இப்படி உள்ளே திறந்துதான் பார்க்க வேண்டும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். உள்ளே பார்த்த எண்களை அவர் புகைப்படம் எடுத்துத் தருவதில்லை. வாங்குகிறவரிடம் காட்ட அதுவே முதல் ஆதாரம் என்பதால், கைபேசியோடு அருகில் நின்று நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். சர்ச்சுகளில் நிகழ்ச்சி மிகுந்த டிசம்பரில் போனால் காத்திருக்க நேரும். கட்டணம் 1,200 ரூபாய். பிரித்த கிட்டாரைத் திரும்பப் பூட்டி, புதுத் தந்தி போட்டு, விரல்பலகைக்கு மேல் தந்தி நிற்கும் உயரமான ஆக்‌ஷன் சரிசெய்து தருவதும் அதற்குள் அடக்கம் என்பதால் அது நியாயமானது. கொண்டுபோகும் முன் உட்பகுதியைத் துடைக்கவோ, கரகரக்கும் பாட்டை வேறிடத்தில் மாற்றவோ வேண்டாம். மாற்றிவிட்டிருந்தால் கழற்றிய பழைய பாட்டையும் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள், அதன் முதுகில் இருக்கும் எண்ணையும் அவர் பார்த்துக் குறித்துத் தருவார்.