பெட்டியில ஒரு ஷேடு, ட்யூப்ல வேற ஷேடு: ஃபவுண்டேஷன் வாங்கப் போறவங்க ஒரு நிமிஷம்

இத எழுதலாமா வேணாமான்னு ரெண்டு மாசமா யோசிச்சுட்டே இருந்தேன், நேத்து ஆபீஸ்ல ஒரு பொண்ணு தங்கச்சி கல்யாணத்துக்கு மேக்கப் சாமான் வாங்கப் போறேன்னு சொன்னதும் சரி எழுதிருவோம்னு உக்காந்துட்டேன். கடை பேரு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். மதுரையில இருக்கு, ஏசி இருக்கு, அவ்ளோதான்.

அத்தை பொண்ணுக்கு தை மாசம் கல்யாணம், திருப்பரங்குன்றத்துல மண்டபம். பார்லர் அக்கா கல்யாணப் பொண்ணுக்கு மட்டும்தான், மத்தவங்க எல்லாம் சொந்தமா போட்டுக்கணும். நான் காலேஜ் முடிக்கிற வரைக்கும் பாண்ட்ஸ் பவுடர், கண் மை, ஸ்டிக்கர் பொட்டுன்னு இருந்த ஆளு, அதுக்கப்புறமும் பெருசா முன்னேறல. இந்த தடவையாச்சும் போட்டோல ஒழுங்கா இருக்கணும்னு மாச சம்பளம் வந்த அன்னிக்கே ஃபவுண்டேஷன் வாங்க கடைக்கு போயிட்டேன், அதாங்க, பவுடருக்கு முன்னாடி மூஞ்சி முழுக்க பூசுற தோல் கலர் க்ரீம்.

உள்ள போனா சீலிங் முழுக்க வெள்ளை லைட்டு, கண்ணாடிய சுத்தியும் பல்பு. அந்த வெளிச்சத்துல யாரு நின்னாலும் ஒரு சுத்து வெளுப்பாதான் தெரியும், அது எனக்கு அப்ப உறைக்கல. கவுன்டர் பொண்ணு என்னைய ஒரு பார்வ பாத்துட்டு, "மேடம் உங்களுக்கு ஒரு ஷேடு ஏத்தி எடுத்தா நல்லா பிரைட்டா இருப்பீங்க"ன்னு சொல்லி மணிக்கட்டு உள்பக்கத்துல ஒரு கோடு இழுத்தா. பொருந்துச்சு. பொருந்தாம என்ன செய்யும், ஒடம்புலயே வெயில் படாத இடம் அது! தினமும் ஸ்கூட்டில போற என் மூஞ்சிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. வாசல்ல வெளிச்சத்துல பாத்துட்டு வரவான்னு கேட்டேன், டெஸ்டர, அதாவது போட்டுப் பாக்க வச்சிருக்குற ட்யூப்ப, வெளிய கொண்டு போகக் கூடாதாம். டெஸ்டர் எதுக்கு, கையில தடவுனதோட நானே வெளிய போயிருக்கலாம்ல? அந்த நேரத்துல தோணவே இல்ல.

'ஒரு ஷேடு ஏத்தி'ன்னு சொன்னதுக்கு நான் தலையாட்டுனது முழுக்க என் தப்புதான், அத ஒத்துக்குறேன். ஃபேர் அண்ட் லவ்லி 2020ல க்ளோ அண்ட் லவ்லின்னு பேர மாத்திக்கிச்சு, நம்ம மண்டைக்குள்ள இருக்குறது மட்டும் இன்னும் பழைய பேருலயே ஓடுது.

ஃபவுண்டேஷன் 1,450, கூடவே 'இது போட்டாதான் மேடம் நிக்கும்'னு ஒரு வெள்ளை ட்ரான்ஸ்லூசன்ட் பவுடர் 1,290, ஆக 2,740 ரூபா. பில் போடுற எடத்துல அந்தப் பொண்ணே பெட்டிய பிரிச்சு, ட்யூப்ப எடுத்து ஒரு தரம் காமிச்சுட்டு திரும்ப உள்ள போட்டுக் குடுத்தா. எனக்கு அது மரியாதையா தெரிஞ்சுது.

ரிசப்ஷன் அன்னிக்கு மண்டபத்து ரூம்ல பத்து பேருக்கு ஒரு கண்ணாடி, மேல ஒரு மஞ்ச பல்பு. அந்த அவசரத்துல பூசி பவுடர அமுக்கிட்டு வெளிய வந்துட்டேன். அரை மணி நேரத்துல பெரியம்மா கிட்ட வந்து தாடையப் பிடிச்சு இப்படியும் அப்படியும் திருப்பி பாத்துட்டு, "என்னாத்தா, மாவு மில்லுல இருந்து நேரா வாறியா?"ன்னு கேட்டுச்சு. சுத்தி நின்னவங்க சிரிச்சதுல நானும் சிரிச்சேன். அப்புறம் மாமா பையன் போன்ல ஃப்ளாஷ் போட்டு எடுத்த போட்டோவ பாத்தேன் பாருங்க, கழுத்து ஒரு கலரு, மூஞ்சி சாம்பல் கலரு, கண்ணுக்குக் கீழயும் மூக்கு மேலயும் விபூதிய அப்புன மாதிரி பளீர்னு வெள்ளை. பாத்ரூம்ல போயி கழுவிட்டு வெறும் மூஞ்சியோட வந்து பந்தியில உக்காந்தேன்.

மறுநாள் வீட்ல ட்யூப்ப கையில வச்சுட்டு திருப்பித் திருப்பி பாத்தப்பதான் விஷயமே தெரிஞ்சுது. பெட்டியில போட்டிருந்தது 'வார்ம் ஹனி', தேன் கலரு. ட்யூப் மூடி மேல கடுகு சைஸ் எழுத்துல ஒரு வட்ட ஸ்டிக்கர், அதுல 'ஐவரி', தந்தம் மாதிரி வெளிர் கலரு. வெளிய இருந்து உள்ள இருக்குற கலர் தெரியாத ட்யூப்பு அது. பின்னாடி அமுக்கி ஒட்டியிருக்கும்ல, அந்த மடிப்ப ஜன்னல் பக்கம் கொண்டு போயி சாய்ச்சு பிடிச்சா பேட்ச் நம்பர், அதாவது எந்தத் தொகுப்புல தயாரானதுன்னு போடுற நம்பர், தெரியும், அது பெட்டியில இருக்குற பேட்ச் நம்பர் இல்ல. அதாவது ஒரு ஷேடு பெட்டிக்குள்ள வேற ஷேடு ட்யூப்பு. வெளிர் ஷேடு போணியாகாம கெடந்துச்சா, கை மாறிப் போச்சா, எனக்குத் தெரியாது. ஆனா கடையில போயி கேட்டப்ப வந்த பதில வச்சு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

"யூஸ் பண்ணிட்டீங்களே மேடம்." இதுதான் முதல் பதில். யூஸ் பண்ணாம எப்படிங்க தெரியும்? அடுத்து மேனேஜர் வந்து பில்லுக்கு அடியில இருந்த 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது'ங்கிற வரிய விரலால தொட்டுக் காமிச்சாரு. கடைசியா, நீங்களே வீட்ல பெட்டிய மாத்திருக்கலாம்லன்னு ஒரு வார்த்தை. அதுதாங்க சுருக்குன்னு தச்சுது.

வெளிய வந்து 1915க்கு போன் போட்டேன். நேஷனல் கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன், தமிழ்லயே பேசலாம். பில், பெட்டி, மூடி ஸ்டிக்கர், பேட்ச் நம்பர் எல்லாத்தையும் போட்டோ எடுத்து புகார் பதிஞ்சேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல, குறை உள்ள பொருள திரும்ப எடுத்துக்கிட்டு காசு தர மாட்டேன்னு சொல்றது முறையற்ற வணிகம்னே இருக்கு, பில்லுல கெடு எதுவும் போடலைன்னா 30 நாள் கணக்கு. பில்லுக்கு அடியில என்னத்த அச்சடிச்சாலும் நம்ம அந்த உரிமை அடிபட்டுப் போகாது. மூணு வாரம் இழுத்தடிச்சு 1,450 மட்டும் அக்கவுன்ட்ல போட்டாங்க. பவுடர் காசு வரல, அது நியாயமும்தான், பவுடர்ல ஒரு குறையும் இல்ல, எனக்குப் போடத் தெரியல.

போட்டோல அப்படி வெள்ளையா அடிச்சது ஏன்னா, இந்த மாதிரி வெள்ளைப் பவுடர் நெறைய சிலிக்காதான். நேர்ல பாத்தா ஒண்ணும் தெரியாது, ஃப்ளாஷ் வெளிச்சம் பட்டா அப்படியே திருப்பி அடிக்கும், போட்டோல வெள்ளைத் திட்டு. இப்பல்லாம் வெளிய போறதுக்கு முன்னாடி ரூம் லைட்ட அணைச்சுட்டு ஃப்ளாஷ் போட்டு ஒரு செல்பி எடுத்துப் பாத்துருவேன். நம்ம மாநிறத்துக்கு லேசா மஞ்சள் கலந்த பனானா பவுடர் தேவலாம், அதையும் பட்டும் படாம தொட்டு வச்சுட்டு மிச்சத்த ப்ரஷ்ஷால தட்டி விட்ரணும். பாண்ட்ஸ் அப்புற பழக்கத்துல அப்புனா பெரியம்மா மறுபடி வரும்.

ஃபவுண்டேஷன் சாம்பலா போனதுக்கும் காரணம் இருக்கு. எல்லா ஷேடுமே மஞ்சள், சிவப்பு, கருப்பு இரும்பு ஆக்ஸைடோட வெள்ளைக்கு டைட்டானியம் டையாக்ஸைடு கலந்து வர்றதுதான். வெளிர் ஷேடுல வெள்ளை தூக்கலா இருக்கும், அத மஞ்சள் ஓட்டம் இருக்குற மாநிறத் தோல் மேல பூசினா வெளுப்பு வராது, சாம்பல்தான் வரும். அதனால கருப்பா செவப்பாங்கிறதோட நிறுத்தாம, தோலுக்குள்ள மஞ்சள் ஓடுதா ரோஸ் ஓடுதான்னும் பாக்கணும். நரம்பு பச்சையா நீலமான்னு பாருங்கன்னு சொல்லுவாங்க, என் கையில நரம்பே தெரியல. நான் பண்றது இதுதான்: மூணு ஷேட பக்கம் பக்கமா தாடையில இருந்து கழுத்து வரைக்கும் கோடு போட்டுட்டு, கடைய விட்டு வெளிய வந்து, ஒரு டீ குடிச்சுட்டு, வெயில் வெளிச்சத்துல போன் கேமராவுல பாக்குறேன். எந்தக் கோடு காணாம போகுதோ அதுதான் நம்மது. அந்த கால் மணி நேரம் முக்கியம், தோல்ல இருக்குற எண்ணெய் சேந்ததும் சில ஷேடு கறுத்துரும், சிலது ஆரஞ்சு அடிக்கும்.

காசு குடுக்குறதுக்கு முன்னாடி பெட்டியில இருக்குற ஷேடும் பேட்ச் நம்பரும் ட்யூப்லயும் அதேதானான்னு அங்கயே நின்னு பாத்துருங்க. பின்னாடி க்யூ நின்னா நிக்கட்டும்.

போன வாரம் கல்யாண ஆல்பம் வந்துச்சு. நான் மூஞ்சி கழுவுறதுக்கு முன்னாடி எடுத்த குரூப் போட்டோ ஒண்ணு இருக்கேன்னு பயந்துட்டே திருப்புனா, போட்டோகிராபர் அண்ணன் எடிட்டிங்ல பெரியம்மா, மாமா, சமையல்காரர் வரைக்கும் அத்தன பேரையும் ஐவரி ஆக்கி வச்சிருக்காரு.