ஷிமானோவா, ஸ்ராமா, வேறா? மலைச் சைக்கிளுக்கு ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் எடுப்பது எப்படி

எந்த பிரேக்குக்குச் சக்தி அதிகம் என்ற கேள்வியோடுதான் பெரும்பாலானவர்கள் தேட ஆரம்பிக்கிறார்கள். ஆனால் இப்போது நடுத்தர வரிசையில் வரும் நான்கு பிஸ்டன் (பேட் எனும் உராய்வுக் கட்டையைத் தட்டின் மேல் அழுத்தும் சிறு உருளை) பிரேக் எதை எடுத்தாலும் ஒரே விரலில் வண்டியை நிறுத்திவிடலாம். என்னைக் கேட்டால் பார்க்க வேண்டியது இரண்டு. நீளமான இறக்கத்தின் கடைசி வளைவில் லீவரை அழுத்தும்போது, உச்சியில் எந்த இடத்தில் பிடித்ததோ அதே இடத்தில் பிடிக்கிறதா? அப்புறம், சில வருஷம் கழித்து எங்காவது கசிய ஆரம்பித்தால் அதைச் சரிசெய்ய உதிரி பாகம் கிடைக்குமா? இந்த இரண்டையும் வைத்துத்தான் கீழே ஒவ்வொன்றையும் எடை போட்டிருக்கிறேன்.

இறக்கத்தில் பிரேக் கைவிடுவது இரண்டு விதம், இரண்டுக்கும் காரணம் வேறு. லீவர் கொழகொழவென்று ஹேண்டில்பார் வரைக்கும் வந்துவிட்டால் உள்ளே திரவம் கொதித்து ஆவிக்குமிழ் உண்டாகியிருக்கிறது என்று அர்த்தம். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும், நீங்கள் கொடுக்கும் விசையெல்லாம் அந்தக் குமிழை நசுக்குவதிலேயே போய்விடும். லீவர் கெட்டியாகவே இருக்கிறது, ஆனால் வண்டி நிற்கவில்லை என்றால் பேட் சூடேறி உராய்வை இழந்திருக்கிறது. முதல் பிரச்சினைக்குத் திரவத்தை மாற்றிப் பிளீட் செய்ய, அதாவது உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். இரண்டாவதற்குப் பேடையும் ரோட்டரையும் (சக்கரத்தோடு சுழலும் தட்டு) கவனிக்க வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் முழு பிரேக் செட்டையும் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குகிறவர்கள் நிறைய.

முதலில் ஷிமானோ. டியோரே எம்6120, எஸ்எல்எக்ஸ் எம்7120, எக்ஸ்டி எம்8120 மூன்றும் நான்கு பிஸ்டன், மூன்றிலும் சர்வோ வேவ் என்ற லீவர் அமைப்பு இருக்கிறது. லீவரை இழுக்க ஆரம்பித்ததும் உள்ளே இருக்கும் கேம் பேடுகளை வேகமாக ரோட்டருக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிடும், அதற்கப்புறம் நெம்புகோல் விகிதம் மாறி விசை சட்டென்று ஏறும். அதனால்தான் ஷிமானோவில் விரல் பட்டதுமே பிரேக் பிடிப்பது போல இருக்கிறது. காய்ந்த, பிடிமானமுள்ள பாதையில் இது பெரிய சுகம். ஈரமான வேர், வழுக்குப் பாறை, தளர்ந்த மண் என்று வரும்போது அதே குணம் சிலருக்குத் தொல்லை, ஏனென்றால் கொஞ்சம் பிடிப்பதற்கும் சக்கரம் பூட்டிக்கொள்வதற்கும் நடுவே விரலுக்குக் கிடைக்கும் இடம் குறைவு.

ஷிமானோ பற்றி ஓட்டுபவர்களிடம் அடிக்கடி கேட்கும் இன்னொரு புகார், பிரேக் பிடிக்கும் இடம் நிலையாக இருப்பதில்லை என்பது. லீவரை அடுத்தடுத்து வேகமாக இழுத்தால் ஒருமுறை ஹேண்டில்பாருக்குப் பக்கத்திலும் அடுத்த முறை வெகு முன்னாலும் பிடிக்கும். எல்லா செட்டிலும் வராது, நன்றாகப் பிளீட் செய்தால் பல நேரம் குறையும், சிலவற்றில் போகவே போகாது. நான் மேலே சொன்ன முதல் அளவுகோலில் ஷிமானோ மதிப்பெண் இழப்பது இங்கேதான்.

ஸ்ராமின் கோட் (Code) என்ற பிரேக் வேறு மாதிரி. லீவர் கொஞ்சம் கனமாக இருக்கும், முதல் தொடுகையிலேயே பாய்ந்து பிடிக்காது, எவ்வளவு அழுத்துகிறீர்களோ அவ்வளவு வரும். மேல் ரகமான கோட் ஆர்எஸ்சியில் ஸ்விங்லிங்க் என்ற கேம் அமைப்பும், எங்கே பிடிக்க வேண்டும் என்பதைத் திருகி வைத்துக்கொள்ளும் வசதியும் உண்டு. கோட் ஆரில் அவை இல்லை, லீவர் ஹேண்டில்பாரிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதை மட்டும் மாற்றலாம். செங்குத்தான வழுக்குப் பாதையில் முன் பிரேக்கை அளந்து அளந்து பிடித்து இறங்குகிறவர்களுக்கு நான் கோட்டைத்தான் சொல்வேன். ஷிமானோவிலிருந்து மாறியவர்கள் முதலில் 'இதில் சக்தியே இல்லையே' என்பார்கள். உண்மையில் சக்தி இருக்கிறது, கேட்டால்தான் தரும்.

ஸ்ராமிலேயே இன்னும் இரண்டைச் சொல்ல வேண்டும். டிபி8 என்பது எளிமையாக்கப்பட்ட நான்கு பிஸ்டன் பிரேக், மினரல் ஆயிலில் ஓடுவது. 2024-இல் வந்த மேவனும் மினரல் ஆயில்தான், ஆனால் பிஸ்டன்கள் கோட்டைவிட நன்றாகவே பெரியவை, சக்தியும் அதற்கேற்ற மாதிரி. உடல் எடை அதிகமுள்ளவர்கள், மின் மலைச் சைக்கிள், டவுன்ஹில் வண்டி என்றால் மேவன் பொருத்தம். ஒல்லியான ஆள் சாதாரணப் பாதையில் ஓட்டுவதற்கு அது மிகை, அளந்து பிடிப்பது கஷ்டமாகிவிடும்.

திரவத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பிரேக்கோடு பல வருஷம் குடித்தனம் நடத்தப்போவது இதை வைத்துத்தான். கோட், ஹோப், ஹேய்ஸ் எல்லாம் டாட் (DOT) எனப்படும் பிரேக் திரவத்தில் ஓடுபவை. ஷிமானோ, மகுரா, டிஆர்பி, டெக்ட்ரோ மினரல் ஆயில். டாட் 5.1 புதிதாக இருக்கும்போது குறைந்தது 260 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்க வேண்டும் என்பது தர விதி. டாட் 4-க்கு 230. ஆனால் இந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் அந்த உத்தரவாத அளவு 5.1-க்கு 180 என்றும், டாட் 4-க்கு 155 என்றும் இறங்கிவிடுகிறது. அதனால் ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. பெயின்ட்டில் பட்டால் அரித்துவிடும், கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள்.

மினரல் ஆயில் ஈரத்தை உறிஞ்சாது, தோலுக்கும் பெயின்ட்டுக்கும் சாது. அதற்காகக் கவலையே வேண்டாம் என்று அர்த்தமில்லை. எப்படியோ உள்ளே நீர் நுழைந்தால் அது ஆயிலோடு கலக்காமல் தனியாகக் கீழே இறங்கி, அதிகச் சூடேறும் காலிப்பரிலேயே (பிஸ்டனும் பேடும் உட்காரும், ரோட்டரைக் கவ்வும் பாகம்) தங்கிவிடும். அந்தத் துளி 100 டிகிரியிலேயே கொதிக்கும். ஆயில் நிறம் மாறிக் கருத்திருந்தால் தள்ளிப்போடாமல் மாற்றிவிடுங்கள். ஒன்றை மற்றொன்றில் ஊற்றவே கூடாது: சீல் ரப்பர் இரண்டுக்கும் வேறு, மாற்றி ஊற்றினால் உப்பிப்போய் முழு பிரேக்கும் வீண். டாட் 5 என்று தனியாக ஒன்று இருக்கிறது, அது சிலிக்கோன், 5.1-க்கு மாற்று அல்ல.

பிளீட் செய்வது ஷிமானோவில் சுலபம். லீவர் மேல் ஒரு சின்னப் புனலைத் திருகி, காலிப்பர் பக்கத்திலிருந்து சிரிஞ்சால் ஆயிலை மேலே தள்ள வேண்டியதுதான். அதற்கப்புறம் அவசரப்படக் கூடாது. ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் காலிப்பரையும் ஹோஸையும் லேசாகத் தட்டிக்கொண்டே வந்தால், கடுகளவுக் குமிழ்கள் ஒவ்வொன்றாகப் புனலுக்குள் எழும்பி வரும். லீவரைத் தளர்த்தி முப்பது டிகிரி கீழே சாய்த்து, பிறகு மேலே சாய்த்து, ஒவ்வொரு தடவையும் மெதுவாக அழுத்தினால் மூலையில் ஒளிந்திருக்கும் காற்றும் வெளியே வரும். பிடிக்கும் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது என்று புலம்பும் பல செட்டுகளில் இந்தச் சாய்த்துப் பார்க்கும் வேலையைத்தான் யாரோ விட்டிருப்பார்கள். ஸ்ராமுக்கு இரண்டு சிரிஞ்ச் வேண்டும்; சிரிஞ்சின் குழாயை மூடிவிட்டு அதன் தண்டைப் பின்னால் இழுத்துத் திரவத்தில் கரைந்திருக்கும் காற்றை முதலிலேயே பிரித்தெடுக்க வேண்டும். வேலை கூடுதல், ஆனால் முறையாகச் செய்துவிட்டால் பிடி நிலையாக நிற்கும்.

உதிரி பாகம் என்று வந்தால் நிலைமை தலைகீழ். ஷிமானோ லீவருக்கோ காலிப்பருக்கோ உள்ளே போடும் சீல்களைத் தனியாக விற்பதில்லை, கசிந்தால் அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டும். ஸ்ராமில் லீவர் உள்பாகம், காலிப்பர் பிஸ்டன் எல்லாம் கிட்டாகக் கிடைக்கும். இதில் யாரும் கிட்ட நெருங்க முடியாதது ஹோப்: இங்கிலாந்தின் பார்னால்ட்ஸ்விக்கில் கடைந்து செய்கிறார்கள், ஒவ்வொரு சீலும் திருகும் தனியாக வாங்கலாம், பல வருஷத்துக்கு முன் வந்த மாடலையும் பிரித்துக் கட்டலாம். டெக் 4 வி4 கையில் மிருதுவாக, அளந்து பிடிக்க அருமையாக இருக்கும். சட்டென்ற முரட்டுப் பிடி வேண்டுமென்றால் அது ஹோப்பின் குணமில்லை. ஒரு பிரேக்கை வாங்கினால் வண்டி மாறினாலும் அதைக் கூடவே எடுத்துப்போக வேண்டும் என்று நினைப்பவர்கள் வேறெதையும் பார்க்க வேண்டியதில்லை.

மற்றவை சுருக்கமாக. மகுரா எம்டி5, எம்டி7 இரண்டும் சக்தியில் குறைவைக்காதவை, ஆனால் லீவர் உடல் உலோகமில்லை, கலப்புப் பொருள். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் இறுக்கினால் விரிசல் விடலாம். டிஆர்பி டிஎச்ஆர் ஈவோ 2.3 மில்லிமீட்டர் தடிப்புள்ள ரோட்டரோடு வருகிறது, சூட்டைத் தாங்குவதில் கெட்டி. ஹேய்ஸ் டொமினியன் ஏ4 லீவர் மிக இலகு, காலிப்பரை ரோட்டருக்கு நேராக நிறுத்தத் தனித் திருகுகளே கொடுத்திருக்கிறார்கள், உரசல் சத்தத்தோடு மல்லுக்கட்டியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

இரண்டு பிஸ்டனா நான்கா? மேடும் பள்ளமுமான பாதையில் கிராஸ்-கன்ட்ரி ஓட்டுகிறவர், எடை குறைவானவர் என்றால் டியோரே எம்6100 போன்ற இரண்டு பிஸ்டன் தாராளம். நான்கு பிஸ்டனில் பேட் நீளம், சூடு பரவ இடம் அதிகம், விசையும் கூடுதல். நிமிஷக்கணக்கில் பிரேக்கைப் பிடித்தபடி இறங்க வேண்டிய பாதை இருந்தால் நான்கு எடுங்கள்.

ஏற்கெனவே ஷிமானோவின் எம்டி200 மாதிரி ஆரம்ப நிலை பிரேக் வைத்திருப்பவர்கள் கவனிக்க: முழு செட்டை மாற்றும் முன் ரோட்டரைப் பெரிதாக்கிப் பாருங்கள். பிடிமானம் ரோட்டரின் ஆரத்தைப் பொறுத்தது, விட்டம் 160 மில்லிமீட்டரிலிருந்து 180-க்குப் போனால் அதே விரல் விசையில் சுமார் 12 சதவீதம் கூடுதலாக நிறுத்தும், 180-லிருந்து 203-க்குப் போனாலும் ஏறக்குறைய அதே அளவு. கூடவே உலோகமும் அதிகம், சூடு தாங்கும். முன்னால் 203, பின்னால் 180 என்பது நிறையப் பேருக்குச் சரியாக வரும். ஃபோர்க்கும் ஃபிரேமும் எந்த அளவு வரை அனுமதிக்கின்றன என்று முதலில் பாருங்கள். பெரிய ரோட்டரின் அளவு ஷிமானோவில் 203, ஸ்ராமில் 200. மூன்று மில்லிமீட்டர்தானே என்று அடாப்டரை (காலிப்பரை ரோட்டர் அளவுக்கேற்பத் தள்ளி நிறுத்தும் துண்டு) கலந்து போட்டால் பேட் ரோட்டரின் சரியான இடத்தில் உட்காராது.

பேட் விஷயத்தில், ரெசின் சத்தம் குறைவு, குளிரிலும் உடனே பிடிக்கும், சேற்றில் சீக்கிரம் தேயும். மெட்டல் பேட் நீடித்து உழைக்கும், சூட்டைத் தாங்கும், கொஞ்சம் அலறும். ரெசின் பேடுக்கு மட்டும் என்று ரோட்டரிலேயே அச்சடித்திருந்தால் அதில் மெட்டல் பேட் போடாதீர்கள், ரோட்டர் மிருது, அரைத்துத் தின்றுவிடும். ஷிமானோ ரோட்டர் 1.8 மில்லிமீட்டரில் வருகிறது, 1.5-க்கு வந்ததும் மாற்றிவிட வேண்டும்.

சரி, நான் என்ன சொல்வேன்? வீட்டிலேயே பிளீட் செய்யப் போகிற, பெரிய இறக்கம் அதிகம் இல்லாத ஒருவருக்கு டியோரே எம்6120. எக்ஸ்டிக்குப் போவதால் வரும் வித்தியாசம் பெரும்பாலும் எடையிலும் திருகு வசதிகளிலும்தான், அந்தப் பணத்தை ரோட்டரிலும் பேடிலும் போடலாம். செங்குத்து, ஈரம், நீள இறக்கம் என்றால் கோட் ஆர். டாட் திரவம் பிடிக்கவில்லை என்றால் டிபி8. பழைய பிரேக்கை வாங்குகிறவர்கள் லீவரை இழுத்து ஒரு நிமிஷம் அப்படியே பிடித்திருங்கள், மெல்ல மெல்ல உள்ளே இறங்கினால் எங்கோ கசிகிறது. ஸ்ராமின் பழைய கைடு வரிசையில் வெயில்பட்டால் லீவர் பிஸ்டன் உப்பி, இழுத்த லீவர் திரும்ப வராத கோளாறு பரவலாக இருந்தது, அதை நிழலில் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள்.

எதை வாங்கினாலும் புதுப் பேடைப் பதப்படுத்தாமல் இறக்கத்துக்குப் போகாதீர்கள். சமதளத்தில் மிதமான வேகத்திலிருந்து நடை வேகம் வரை இருபது தடவை, அதற்கப்புறம் இன்னும் கொஞ்சம் வேகத்திலிருந்து பத்துத் தடவை, ஒரு தடவையும் சக்கரத்தைப் பூட்டாமல், முழுசாக நிற்காமல். அதற்குள் ரோட்டரில் சீரான சாம்பல் நிறப் படலம் படிந்திருக்கும்.